ஊரின் குறையை எங்கே கொண்டுபோவது? மட்டக்களப்பு, அம்பாறைச் சங்கங்களுக்காக ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் கூடி, மாரி மழைக்கு ஆண்டுதோறும் மூழ்கும் தன் ஊர் வீதியைப் பற்றிப் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிகான் தூர்ந்துவிட்டது, வீதிக்கு அடியால் நீர் கடக்கும் போக்கு ஒன்று உடைந்து கிடக்கிறது, வெள்ளம் ஏறினால் பிள்ளைகளும் நோயாளிகளும் உழவு இயந்திரத்தையோ தோணியையோ நம்பித்தான் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. இதை வெறும் வசதிக் குறைவு என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் இழுத்துச் செல்லப்பட்டு மத்ரசா மாணவர்கள் உயிரிழந்ததை இரு மாவட்ட மக்களும் மறந்திருக்கமாட்டார்கள்.

அத்தகைய கூட்டத்தில் பலரும் பல வழிகளைச் சொல்வார்கள். ஒருவர் பாராளுமன்ற உறுப்பினருக்கு மகஜர் கொடுக்கச் சொல்வார். ஒருவர் பிரதேச சபைத் தவிசாளரைக் காணச் சொல்வார். இளைஞர் ஒருவர் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்பார். இன்னொருவர் வீதியை மறித்தால்தான் அதிகாரிகள் வருவார்கள் என்பார். இவை எல்லாமே குடிமக்கள் ஆட்சியில் பங்கெடுக்கும் முறையான வழிகள்தாம். ஆனால் எல்லாமே எல்லாக் காரியத்துக்கும் பொருந்தா. எந்த வழியையும் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? அந்த முடிவு ஆண்டின் எந்தக் காலத்தில் எடுக்கப்படுகிறது? நம் பகுதியில் நல்ல கோரிக்கைகள் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், அவை அதிகாரம் இல்லாதவரிடம் போய்ச் சேர்வதும், காலம் கடந்து போய்ச் சேர்வதும்தான்.

வீதி யாருடையது?

ஒரே ஊரைத் தொட்டுச் செல்லும் வீதிகள்கூட வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருக்கும். 'ஏ', 'பி' வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4, பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் ஏ5 ஆகியவை அப்படிப்பட்டவை. 'சி', 'டி' வகுப்பு வீதிகள் மாகாண நிருவாகத்துக்கு உரியவை. ஊருக்குள் ஓடும் ஏனைய வீதிகளில் பெரும்பாலானவை பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையின் கையில் இருக்கின்றன. குளக்கட்டின்மீதும் வாய்க்கால் ஓரமாகவும் செல்லும் பாதைகளோ நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பாகலாம். ஊரவர்கள் இதை அறியாமல் தவிசாளரிடம் மாகாண வீதியைக் கேட்பதும், பிரதேச செயலாளரிடம் சபையின் வீதி விளக்கைக் கேட்பதும் வழமையாக நடக்கிறது. கேட்டவர்கள் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். அதில் பல மாதங்கள் போய்விடுகின்றன.

மாகாணத்துக்கு உரிய காரியங்களில் இன்னொரு பெரிய குறை இருக்கிறது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. 37 உறுப்பினர்களைக் கொண்ட அச்சபையின் காலம் 2017 செப்டெம்பருடன் முடிந்தது. அதன்பிறகு மாகாண வீதிகள், மாகாணப் பாடசாலைகள், மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலைகள் ஆகியவை பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த ஒரு மாகாண உறுப்பினர்கூட நமக்கு இல்லை. சனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடக்கிறது. எனவே ஒரு வீதி 'சி' அல்லது 'டி' வகுப்பைச் சேர்ந்தது என்று தெரியவந்தால், வாக்குச் சீட்டின் வழியாக அதற்குப் பதில் பெறும் பாதை இப்போதைக்கு அடைபட்டிருக்கிறது என்பதைச் சங்கம் முதலிலேயே உணர்ந்துகொண்டு, எழுத்துமூல வழிகளைப் பிடிக்க வேண்டும்.

பாராளுமன்ற உறுப்பினரும் மகஜரும்

மட்டக்களப்பு மாவட்டம் 5 உறுப்பினர்களையும் அம்பாறை, அதாவது திகாமடுல்லை, 7 உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறது. நம் மக்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் வழி இவர்களுக்கு மகஜர் கொடுப்பதுதான். கோவில் திருவிழாவிலோ பாடசாலை விழாவிலோ கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் காரியம் தொடங்கிவிட்டது என்ற நிறைவு உண்டாகிறது. ஆயினும் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஓர் உள்வீதியைத் திருத்தும் நேரடி அதிகாரம் கிடையாது. பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஒதுக்கப்பட்ட ஆண்டுகளில் அதிலிருந்து சிறு வேலைகளை அவர் பரிந்துரைக்க முடிந்தது. அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே, அவரால் அதிகாரிகளிடம் கேட்கவும், மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் பேசவும், பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பவும் முடியும்.

ஆதலால் அவரிடம் "வீதியைப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பதைவிட, "அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, உரிய திணைக்களத்தின் பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியச் செய்யுங்கள்" என்று கேட்பது எவ்வளவோ பயனுள்ளது. அக்குழுவில் ஊரவருக்கு வாக்கு இல்லை. ஆனால் அங்கே எல்லாத் திணைக்களத்தாரும் ஒரே மேசையில் இருப்பதால், ஒருவர்மீது ஒருவர் பொறுப்பைத் தள்ளிவிடுவது கடினம். பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுச் செய்ய விரும்பினாலும் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மூலமாகவே அதனைச் சமர்ப்பிக்க வேண்டும். ஓய்வூதியம், காணி, நியமனம் போன்ற தனிப்பட்ட நிருவாக அநீதிகளுக்கு அந்தக் குழு ஏற்றது. மூழ்கும் வீதிக்கு அது சுற்றுவழி.

பிரதேச சபை: அருகில் இருப்பது, அதிகம் மறக்கப்படுவது

உள்ளூராட்சி மன்றம்தான் சாதாரண மனிதருக்கு மிக அருகில் உள்ள அரசாங்கம். மட்டக்களப்பில் ஒரு மாநகர சபையும் இரு நகர சபைகளும் ஒன்பது பிரதேச சபைகளும் இருக்கின்றன. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் தெரிவான மன்றங்களின் நான்காண்டுக் காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தால் தள்ளிப்போனது. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களிப்பு நடந்தது. கல்முனை மாநகர சபைக்கு நீதிமன்ற வழக்கு காரணமாக அன்றும் நடைபெறவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களும் சபைகளை நடத்தினார்கள். அவர்களில் கடமை உணர்வுள்ளவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. இப்போது அந்த உறவு மீண்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு.

சபையின் பணம் எங்கே போகும் என்பது அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முடிவாகிறது. அது ஆண்டு பிறக்குமுன் நிறைவேற வேண்டும். எனவே கோரிக்கை உருவாக வேண்டிய காலம் ஓகஸ்ட், செப்டெம்பர். நம் ஊர்களில் கோரிக்கை எழும் காலமோ டிசம்பர், சனவரி. வெள்ளம் முற்றத்துக்கு வந்த பிறகு. அப்போது சபையிடம் அந்த ஆண்டின் பணம் தீர்ந்திருக்கும், அடுத்த ஆண்டின் பணமும் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். வெள்ளம் வடிந்த கையோடு உடைந்த இடங்களைப் படமெடுத்து, நீர் தேங்கிய நாட்களைக் குறித்து வைத்து, எட்டு மாதம் கழித்து அதை எழுத்தில் கொடுக்கும் பொறுமை ஒரு சங்கத்துக்கு இருந்தால், சாலை மறியலால் கிடைக்காத ஒன்று அதற்குக் கிடைக்கக்கூடும்.

சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து கேட்க முடியும். செயலாளரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போவது நல்லது. தங்கள் வட்டார உறுப்பினர் என்ன பேசினார், எதற்குக் கை உயர்த்தினார் என்பதை நேரில் கண்ட ஊரவர் இருவர் இருந்தாலே உறுப்பினரின் நடத்தை மாறும். இதைவிட முக்கியமானது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்க இடமளிக்கிறது. தொழில்நுட்பச் சேவைகள் பற்றிய குழுவில் ஓய்வுபெற்ற ஒரு மேற்பார்வையாளரையோ, சுற்றாடல் பற்றிய குழுவில் ஒரு மீனவர் சங்கப் பிரதிநிதியையோ சேர்க்கும்படி கேட்பதற்கு யாரும் தயங்கத் தேவையில்லை. இந்த ஏற்பாட்டை நம் மக்களில் மிகச் சிலரே கேட்டுப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குச் சிறு வேலைகளை ஒப்பந்தமாகக் கொடுக்கும் நடைமுறை நாட்டில் உண்டு. ஊரின் உழைப்பு ஊருக்கே பயன்படுவதால் அது நல்லதுதான். ஆனால் சபையிடம் வேலை பெறும் சங்கமே அச்சபையின் கணக்கைக் கேள்வி கேட்கவும் முன்வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேலை எடுப்பவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும் வேறு வேறாக இருக்கும்படி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ இளைஞர் கழகத்தையோ இரண்டாவது வேலைக்கு முன்னிறுத்துவது நேர்மையான ஏற்பாடு.

தகவலறியும் உரிமை

என்னிடம் ஒரேயொரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே முதலில் தேர்ந்தெடுப்பேன். 2015இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம் தகவலைப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபை, பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களம், அமைச்சு என எல்லாப் பகிரங்க அதிகார சபைகளிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எந்தக் குடிமகனும் குடிமகளும் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள உதவ வேண்டும். கட்டணமும் மிகச் சிறிது.

வேலை நாட்கள் 14இற்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வர வேண்டும்; தருவதென்றால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும். ஓர் ஆளின் உயிருடனோ தனிப்பட்ட சுதந்திரத்துடனோ தொடர்புடைய தகவலாயின் 48 மணித்தியாலம். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். மகஜருக்கு இத்தகைய காலக்கெடு எதுவும் கிடையாது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மகஜரைப் பெற்றவர் பதில் தராவிட்டால் சட்டப்படி அவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது. "எங்கள் வீதியை ஏன் செய்யவில்லை?" என்பது தகவல் கோரிக்கை அன்று, அதற்கு விளக்கம்தான் வரும், ஆவணம் வராது. அதற்குப் பதிலாக இவ்வீதி எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளது, கடந்த மூன்று ஆண்டுகளில் இதன் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்த தொகை எவ்வளவு, எந்த ஒப்பந்தக்காரருக்கு வேலை வழங்கப்பட்டது, மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் வேலை முடிந்ததாக உறுதிப்படுத்திய ஆவணத்தின் பிரதியையும் தருக என்று கேட்க வேண்டும். கிரவல் 200 மீற்றருக்குப் போட்டதாகத் தாளில் இருந்து, நிலத்தில் 80 மீற்றருக்கே இருந்தால், அந்தத் தாளும் ஓர் அளவு நாடாவும் சேர்ந்து எந்தக் கோஷத்தையும்விட உரத்துப் பேசும்.

சட்டத்தின் 9ஆம் பிரிவை நம்மில் பலர் அறிவதில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட, அல்லது வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட கருத்திட்டங்களைப் பற்றி, வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரிவிக்கும் கடமை உரிய அமைச்சருக்கு இருக்கிறது. வாய்க்காலை மறித்து ஒரு கட்டடம் எழும்பிய பிறகு அழுவதைவிட, வரைபடம் மேசையில் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்குவது மேல். அம்பாறை நகரில் இயங்கும் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதத் தயங்கும் திருக்கோவில், நாவிதன்வெளி மக்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: தமிழும் நிருவாக மொழி, தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது. சிங்களத்தில் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. தகவல் கையில் வந்தவுடன் வீதி தானாகத் திருந்திவிடாது. அதை எடுத்துக்கொண்டு சபைக்கோ ஒருங்கிணைப்புக் குழுவுக்கோ போக ஆள் வேண்டும்.

ஆரம்பக் கூட்டம்: விவசாயியின் கையில் இருக்கும் சட்டம்

வெள்ளப் பிரச்சினையில் வீதியையும் வயலையும் பிரித்துப் பார்க்க முடியாது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் நீரை எப்போது திறப்பது, வாய்க்காலை எந்தத் திகதிக்குள் துப்புரவு செய்வது, எந்த வயதுடைய நெல்லை விதைப்பது, மாடுகளை எந்த நாளுக்குள் வயற்பகுதியிலிருந்து அப்புறப்படுத்துவது ஆகியவற்றைப் போகத் தொடக்கத்தில் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் முடிவுசெய்கிறது. கன்னக் கூட்டம் என்றும் இதனைச் சொல்வார்கள். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனியாக நடக்கும் இக்கூட்டத்தின் தீர்மானங்கள் சட்டப்படி கட்டுப்படுத்துபவை. மீறுபவர்மீது வழக்குத் தொடரலாம். கையை உயர்த்தி ஒரு சாதாரண விவசாயி சட்ட வலுவுள்ள முடிவை எடுக்கும் இடம் நம் நாட்டில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாராளுமன்ற வாக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. இந்தக் கை ஆண்டுக்கு இருமுறை உயர்கிறது.

இதன் ஆற்றலுக்கு அம்பாறை மாவட்டத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் விவசாயிகளைச் சிறு சிறு வாய்க்கால் குழுக்களாக ஒன்றுசேர்க்கும் முயற்சி நடந்தது. ஊருக்குள் தங்கிப் பணியாற்றிய இளம் ஒழுங்கமைப்பாளர்கள், முதலில் விவசாயிகளுடன் பேசி, அவர்களே தூர்ந்த வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கவும், முறைவைத்து நீர் விடவும் உதவினார்கள். மேல்மடையில் இருந்த சிங்கள விவசாயிகள் நீரைச் சேமித்துக் கடைமடைக்கு விட்டதையும், அங்கே பயன்பெற்றவர்களில் தமிழ் விவசாயிகளும் இருந்ததையும் அதை ஆராய்ந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். இனப்பகை கூர்மையடைந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பின்னர் நாட்டின் நீர்ப்பாசனக் கொள்கையில் விவசாயிகளின் பங்கேற்பு இடம்பெற அந்த அனுபவம் பெரிதும் துணைநின்றது.

ஆனால் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? காணிக்காரர் வேறு, குத்தகைக்குச் செய்பவர் வேறு என்று இருக்கும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், உண்மையில் வயலில் நிற்பவரின் குரல் கேட்காமல் போகிறது. மாட்டுக்காரர் நிலை இன்னும் சிக்கலானது. மாடுகளை அப்புறப்படுத்தும் நாளை முடிவுசெய்யும் கூட்டமே அவை எங்கே போகும் என்பதையும் பேச வேண்டும். மேய்ச்சல் தரை இல்லாமல் திகதி மட்டும் குறிப்பது பாதித் தீர்மானமே. கமக்காரர் அமைப்பில் உறுப்பினராகச் சேர்வதும், வயல்வெளியின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையின் தெரிவில் கலந்துகொள்வதும், பண்ணையாளர் சங்கம் இக்கூட்டத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புவதும் சாதாரணமாகத் தோன்றினாலும் விளைவு தருபவை. மட்டக்களப்பு வாவியின் ஆற்றுவாயை வெள்ளக் காலத்தில் வெட்டித் திறப்பதா, இன்னும் சில நாள் பொறுப்பதா என்ற முடிவும் இத்தகையதே. தாழ்ந்த வயல்களை வைத்திருப்பவர் விரைவாகத் திறக்கச் சொல்வார். வாவியில் இறால் பிடிப்பவர் பொறுக்கச் சொல்வார். மாவட்டச் செயலகத்தில் அந்தப் பேச்சு நடக்கும்போது, அமைப்பாக இருப்பவரின் சொல்தான் உள்ளே போகிறது.

தெருவில் இறங்குதல்

அமைதியாகக் கூடுவதும் எதிர்ப்புத் தெரிவிப்பதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. அதிகாரம் தொலைவில் இருக்கும்போதும், வேறு வழிகள் எல்லாம் மௌனத்தில் முடியும்போதும் இதுவே நேர்மையான வழியாகிறது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளைக் காக்க 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடங்கிய கவனயீர்ப்புப் போராட்டம் ஓராண்டுக்கு மேலாகத் தொடர்ந்தது. உள்ளூர் அலுவலகம் எதுவும் தீர்க்க முடியாத அந்தக் காணிப் பிரச்சினையை நாடு முழுவதும் அறியச் செய்தது அந்தப் பண்ணையாளர்களின் விடாமுயற்சி. அவர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

மறுபுறம், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ளதாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதம் வாக்குறுதிகளோடு முடிந்தது. 2024இல் அதே இடத்தில் மக்கள் மீண்டும் அமர வேண்டியிருந்தது. அக்கோரிக்கையில் அப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் வேறுபட்ட நிலைப்பாடு உடையவர்கள் என்பது உண்மை. அதை இங்கே தீர்க்க முடியாது. வாய்ச்சொல்லாகத் தரப்படும் வாக்குறுதி வர்த்தமானி ஆகாது என்பதே நான் சுட்ட விரும்புவது. போராட்டத்தை முடிக்கும் பொழுதில் யார், எந்தத் திகதிக்குள், எந்த ஆவணத்தை வெளியிடுவார் என்று எழுதிக் கையொப்பம் வாங்காமல் எழுந்துபோகக் கூடாது. உள்வீதி ஒன்றுக்காகப் பிரதான வீதியை மறிப்பதையோ நான் ஆதரிக்கமாட்டேன். அது அதிகாரம் உள்ளவரைத் தொடுவதற்கு முன் நோயாளியையும் கூலித் தொழிலாளியையும் தொடுகிறது.

ஆணைக்குழுக்களும் நீதிமன்றமும்

ஓர் ஊரை மட்டும் தொடர்ந்து புறக்கணிப்பது தெரிந்தால், அது சமத்துவ உரிமை பற்றிய கேள்வியாகிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இயங்குகின்றன; தமிழில், கட்டணமின்றி முறையிடலாம். நிருவாக அநீதிக்கு 'ஒம்புட்ஸ்மன்' என்று அறியப்படும் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடமும் போகலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாராளுமன்ற உறுப்பினரின் தயவில்லாமல் நேரடியாகவே அவருக்கு எழுத முடிகிறது. இருவரது பரிந்துரைகளும் தீர்ப்புகள் அல்ல. திணைக்களம் கேட்காமல் விடலாம். ஆயினும் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது, ஓர் அதிகாரி விளக்கம் எழுத வேண்டிவருகிறது.

அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது கொழும்பில் மட்டுமே இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்பது வசதியற்றவர்களுக்குப் பெரிய துணை. பிரதேச சபை போன்ற, மாகாண நிரலுக்கு (அரசியலமைப்பு மாகாணங்களுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலுக்கு) உட்பட்ட விடயங்களில் எழுத்தாணை ('ரிட்') கோரி மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள மாகாண மேல் நீதிமன்றங்களை நாடலாம் என்பதைப் பல சட்டத்தரணிகள்கூட ஊரவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. குப்பை, துர்நாற்றம், அடைபட்ட கழிவுநீர் போன்ற பொதுத் தொல்லைக்கு நீதவான் நீதிமன்றமே உத்தரவிட முடியும்.

நீதிமன்றத்தின் வலிமையும் வேகமும் ஒன்றல்ல. 2023இல் தள்ளிப்போன உள்ளூராட்சித் தேர்தலைப் பற்றி, மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நாட்டுக்கு மிகத் தேவையானது. ஆனால் மூழ்கும் வீதிக்காரர் அடுத்த மாரிக்குள் பரிகாரம் தேடுபவர். அவர் வழக்கைக் கடைசியாகவே எண்ண வேண்டும்.

தாமே போட்டியிடுதல்

உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்தும் 40 வீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வாக்காளர் இடுவது ஒரே புள்ளடி. எனவே ஊரில் நல்ல பெயருள்ள ஒருவர் வட்டாரத்தில் நின்று வெல்வது பாராளுமன்றத் தேர்தலைவிட எளிது. சுயேச்சைக் குழுவாகப் போட்டியிடலாம். ஆனால் சபை முழுவதற்கும் பட்டியல் நிரப்ப வேண்டும், கட்டுப்பணமும் கட்சிகளுக்கு உள்ளதைவிடக் கூடுதல். ஒரு வீதிக்காகத் தேர்தலில் நிற்பது பொருத்தமற்றது. பத்தாண்டுகளாகச் சங்க வேலை செய்து, சபையின் கணக்கைப் படிக்கப் பழகிய ஒருவர் நிற்பதோ மிகப் பொருத்தமானது.

இதில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 தேர்தல் முதல் உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு உரியது. கட்சிகள் வேட்புமனுவின் கடைசி வாரத்தில்தான் பெண் வேட்பாளர்களைத் தேடி ஊருக்குள் வருகின்றன. அகப்பட்ட பெயரை எழுதிப் பட்டியலை நிரப்புகின்றன. சிக்கனக் கடனுதவிக் குழுவின் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருக்கும் பெண்களும், வெள்ள காலத்தில் நலன்புரி நிலையத்தில் சமைத்து, நிவாரணப் பட்டியல் எழுதி, பிரதேச செயலகத்தோடு வாதாடிய பெண்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உள்ளூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள் என்பதால் அடுத்த வேட்புமனு 2029ஐ ஒட்டி வரும். அதுவரை காத்திராமல், இந்த ஆண்டே மாதர் சங்கம் தன்னுள் இருவரைத் தெரிந்தெடுத்து, சபைக் கூட்டங்களுக்கு அனுப்பி, வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கப் பழக்கி வைத்தால், கட்சிகள் பெயர் கேட்டு வரும் நாளில் எந்த வட்டாரம், பட்டியலில் எந்த இடம் என்று நிபந்தனை சொல்லும் நிலையில் அந்தச் சங்கம் இருக்கும்.